கார்த்திகையில் இருந்து தை வரை: வீட்டிலேயே செய்து கொடுக்கும் பரிசுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டையோடு கிளம்புகிற தட்டு, கிறிஸ்துமஸ், வருசப் பிறப்பு என்று வீடு வீடாகச் சுற்றி, பொங்கல் முடிந்து பனங்கிழங்கோடுதான் அடங்கும். பாளையங்கோட்டைதான் ஊர், ஊசிக்கோபுரத்துச் சர்ச் மணி கேட்கிற தூரம். இந்த இரண்டு மாதமும் என் அடுப்படியில் ஏதாவது ஒன்று வறுபட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஐப்பசி மழை தொடங்கியதுமே "அக்கா, இந்த வருசம் கையால எதையாவது செஞ்சு குடுக்கணும், என்ன செய்யலாம்?" என்று போன் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஆயிரம் யோசனை இருக்கிறது. எதைச் செய்வது என்று எப்படி முடிவு செய்வது?

எத்தனை நாள் தாங்கும் என்பதை மட்டும் பாருங்கள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை மார்கழி பிறந்தும் விடுவதில்லை. காற்றில் ஈரம் நின்றால் முறுக்கு நமுத்துப்போகும், கருப்பட்டி கசியும், மாவு பூத்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வாரம் கரண்ட் இல்லாமல், வெயில் இல்லாமல், நான் இடித்து வைத்திருந்த மாவு பூராவையும் மாட்டுக்குத்தான் போட்டேன்.

என் கணக்கு இதுதான். ஓலைக் கொழுக்கட்டை அன்றைக்கே தின்றுவிட வேண்டும். அவித்த பனங்கிழங்கு 2 நாள். கேக் ஒரு வாரம். அச்சு முறுக்கு, டப்பா நல்ல டப்பாவாக இருந்தால், 10 நாளுக்கு மேல் தாங்கும். முந்திரிக்கொத்து 15 நாள். சுக்குக் காப்பிப் பொடி 3 மாதம். ஓலைப் பெட்டியோ வாங்கியவர் பேரப்பிள்ளை வரைக்கும் கிடக்கும். கொடுக்க வேண்டிய தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முந்திரிக்கொத்து செய்ய ஆசை. முதல் தடவை. கைக்கு வருமா?

வரும். ஆனால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். இது இரண்டு நாள் வேலை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. திராட்சையைக் கொடிமுந்திரி என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா, மும்மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு அந்தக் கொத்து மாதிரி நிற்கிற பலகாரம் இது. முந்திரிப்பருப்பு வாங்கிக்கொண்டு வந்து நின்ற ஒரு தங்கச்சியைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

அரை கிலோ சிறுபயற்றை வெறும் சட்டியில் இளந்தீயில் வாசம் வரும்வரை வறுங்கள். ஆறியபின் திரித்து, மாவும் குருணையுமாக வைத்துக்கொள்ளுங்கள். நைசாக அரைத்தால் உருண்டை பல்லில் ஒட்டும். ஒரு முழுத் தேங்காயைத் துருவி, அதையும் தனியாகப் பொன்னிறத்துக்கு வறுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தேங்காயில் ஈரம் இருந்தால் நாலாம் நாளே காறல் வாடை அடிக்கும். ஒரு வருசம் நானும் அப்படித்தான் கொடுத்துவிட்டேன். வாங்கினவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதுதான் ரொம்ப உறுத்தியது. துருவல் விரலில் ஒட்டாமல் மணல் மாதிரி உதிர்ந்தால்தான் சரி. கையளவு எள்ளு, ஒரு ஸ்பூன் சுக்குத்தூள், நாலைந்து ஏலக்காய் இவற்றையும் பயற்றோடு சேருங்கள்.

400 கிராம் கருப்பட்டியை உடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். மணலும் ஓலைத் துணுக்கும் அடியில் நிற்கும். வடித்ததை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கம்பிப் பதம் வந்ததும் மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே சின்ன எலுமிச்சங்காய் அளவு உருட்டிவிடுங்கள். ஆறினால் உருளாது, உதிரும். வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பூரா உருண்டைகள் இறுகட்டும். மறுநாள் பச்சரிசி மாவில் கொஞ்சம் மைதா, உப்பு, மஞ்சள்தூள் போட்டுத் தோசை மாவுக்குக் கொஞ்சம் தளர்வாகக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கிக் காய்ந்த எண்ணெயில் விடுங்கள். உள்ளே எல்லாம் வெந்ததுதான், மேல் மாவு வெந்தால் போதும். சூடு முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் வேர்த்துவிடும். அரை நாளாவது ஆறப் போடுங்கள்.

உருண்டை எண்ணெயில் உடைந்து கரைகிறது. ஒரு தடவை கல்லு மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

இரண்டுமே பாகுதான். பதம் வருமுன் இறக்கினால் உருண்டை பிடிக்காது, எண்ணெயில் வாய் பிளந்துவிடும். பதம் தாண்டினால் கல். ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பெருவிரலால் இழுத்துப் பாருங்கள். அறுபடாமல் ஒரு இழை வந்தால் உடனே இறக்க வேண்டியதுதான், போனை எடுக்கப் போகக் கூடாது. மேல்மாவு தண்ணியாக இருந்தாலும் உடையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லாகிப் போனதைத் தூக்கிப் போடாதீர்கள். இடித்துத் தூளாக்கி, நெய் விட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

கருப்பட்டி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பதனீர் இறங்குவது கோடையில். மார்கழியில் கடைக்கு வருவது அப்போது காய்ச்சி இருப்பு வைத்த கருப்பட்டி. விலையும் ஏறித்தான் இருக்கும். இதைத் தெரிந்தவர்கள் ஆனி, ஆடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் போட்டு வைத்ததும் கசியாமல் இருக்கத்தான், புகையும் சூடும் பட்டுக்கொண்டே இருக்கும்.

சீனி கலந்து காய்ச்சுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே ஏமாந்த கதை உண்டு. பளபளப்பாக, ஒரே சீராக, அச்சில் வார்த்த சோப்பு மாதிரி இருந்தால் யோசியுங்கள். வாயில் போட்டால் இனிப்போடு லேசாக ஒரு உப்புக்கரிப்பும் புகைவாசமும் வர வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிசாகிவிட்டதால் அந்தப் பெயரில் விற்பதும் பெருகிவிட்டது. காய்ச்சுகிறவர் யாரையாவது தெரிந்தால் அவரிடமே வாங்குங்கள்.

எனக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவே பயம். ஹாஸ்டலில் இருக்கிறேன். என்ன செய்ய?

சுக்குக் காப்பிப் பொடி. மார்கழிக் குளிரில் இதைவிடக் காரியமான பரிசு எனக்குத் தெரிந்து இல்லை. தொண்டை கட்டாத வீடே அந்த மாதத்தில் கிடையாது.

சுக்கு 100 கிராம், கொத்தமல்லி 100 கிராம், மிளகு 25 கிராம், சீரகம் ஒரு ஸ்பூன், ஏலக்காய் பத்து. சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, நன்றாக நசுக்கிக்கொள்ளுங்கள். முழுசாக மிக்சியில் போட்டால் பிளேடு போய்விடும். மற்றதெல்லாம் சட்டி சூடாகும் அளவுக்கு லேசாக வறுத்து, ஆறியபின் திரித்துச் சலித்தால் முடிந்தது. நாலு சின்ன பாட்டில் தேறும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை ஸ்பூன் பொடி, கூடவே கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கழுத்தில் கட்டிவிடுங்கள். உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

பொடிக்குள்ளேயே கருப்பட்டியைத் தட்டிப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கசிந்து எல்லாம் கட்டியாகிவிடும். ஒரு வட்டுக் கருப்பட்டியைத் தனியாக ஓலையில் சுற்றிக் கூட வையுங்கள், பார்க்கவும் அம்சமாக இருக்கும்.

அச்சு முறுக்கு அச்சை விட்டு வர மாட்டேன் என்கிறதே?

அச்சு காயவில்லை, அல்லது மாவில் முழுக்க முக்கிவிட்டீர்கள். எண்ணெய்க்குள்ளேயே அச்சைக் கிடத்திச் சூடாக்கி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். "சுர்" என்று சத்தம் வர வேண்டும். மேல்விளிம்பில் மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொள்ளும். புது அச்சு என்றால் முதல் ஐந்தாறு கண்டிப்பாகப் பாழ்தான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். எண்ணெயிலேயே ஒரு ராத்திரி போட்டு வைத்தால் பழகும்.

கேக் சுடுகிற ஓவன் இல்லை. கிறிஸ்துமஸ் கேக் செய்ய முடியுமா?

குக்கரில் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு கிண்ணம் கல்லுப்பைப் பரப்பி, 10 நிமிசம் சூடேற்றி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து அதில் கேக் பாத்திரம். இளந்தீயில் 45 நிமிசத்துக்குப் பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. அளவு: மைதா 150 கிராம், வெண்ணெய் 100, பொடித்த சீனி 150, முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன், திராட்சைச் சாற்றில் ஒரு நாள் ஊறிய உலர்பழங்கள் இரண்டு கை. பழங்களைப் பிழிந்து, கொஞ்சம் மைதாவில் புரட்டிப் போடுங்கள், அடியில் போய் உட்காராது.

நிறம் வேண்டும் என்றால் சீனியில் நாலு ஸ்பூனைக் கருக்கிக் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றுங்கள். தள்ளி நின்று ஊற்ற வேண்டும், தெறிக்கும்.

செய்த பலகாரத்தை எதில் வைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் கவர் 2019 ஜனவரி 1-இல் இருந்து தமிழ்நாட்டில் தடை. அதை விடுங்கள், சூட்டுப் பலகாரம் கவருக்குள் வேர்த்துக் கெட்டும்போகும். பனை நிற்கிற சீமையில் இருந்துகொண்டு பெட்டிக்கு ஏன் அலைய வேண்டும்?

ஓலைக் கொட்டான், அதாவது சின்ன ஓலைப் பெட்டி, முடைவது பார்த்தவுடன் வருகிற வேலை இல்லை. மணப்பாட்டுப் பெண்கள் முடைகிற வேகத்தைப் பார்த்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். முதல் கொட்டான் மூன்று நாள் எடுத்தது, தரையில் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. இப்போது அதில்தான் பூண்டு கிடக்கிறது. ஆனாலும் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: குருத்தோலையை வாங்கி நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் சுருண்டு நொறுங்கும். ஈர்க்கை நீக்கி ஒரே அகலத்தில் கிழித்துக்கொள்ளுங்கள். முடையுமுன் தண்ணீரில் நனைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் ஓலை சொன்ன பேச்சுக் கேட்கும். கொதிக்கிற சாயத் தண்ணீரில், கிழித்த ஓலையில் சிலதை மட்டும் முக்கி எடுத்தால் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போடலாம்.

முதலில் பெட்டிக்குப் போகாதீர்கள். பாய் முடைகிற மாதிரி ஒரு சாண் சதுரத்துக்குத் தட்டையாக ஒன்று முடைந்து ஓரத்தை மடித்துச் செருகிவிடுங்கள், சூடான பாத்திரம் வைக்க ஆகும். கை பழகியதும் கொட்டானுக்கு வரலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஓலைக் கிலுகிலுப்பை கொடுத்துப் பாருங்கள், உள்ளே நாலு குன்றிமணி போட்டு. அய்யோ, குன்றிமணி வேண்டாம், அது விஷம். கல்லைப் போடுங்கள், முடைச்சலை நெருக்கமாகப் போட்டு வெளியே வராத மாதிரி.

முடைய நேரமில்லை என்றால் சந்தையில் கொட்டான் வாங்கி, உள்ளே வாழையிலைச் சருகு பரப்பிப் பலகாரம் வையுங்கள். பழைய சேலையில் தைத்த சின்னச் சுருக்குப் பையும் நன்றாகத்தான் இருக்கும். சுங்குடிச் சேலை கிழிந்திருந்தால் விட்டுவிடாதீர்கள்.

அரைப்பரீட்சை லீவு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?

ஸ்டார். கடையில் மடித்து விற்கிற அட்டை ஸ்டார் இல்லை, மூங்கில் குச்சி ஸ்டார். ஒரே நீளத்தில் பத்துக் குச்சி. ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனியையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்மூலைகள் ஐந்திலும் நாலு விரற்கடை அளவு குச்சியை நெம்பி நிறுத்தினால் ஸ்டார் உப்பிக்கொண்டு நிற்கும். அதன்மேல் பட்டம் விடுகிற கலர் பேப்பரை மைதாப் பசை போட்டு ஒட்டலாம். உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டும்தான், பழைய குண்டு பல்பு பேப்பரைக் கருக்கிவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போன வருசம் ஆறு செய்து, எதிர்வீட்டு ஆச்சிக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆச்சி வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. கார்த்திகை விளக்கு வைத்த மாடத்துக்கு மேலேயே அதைக் கட்டிவிட்டார்.

கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கலுக்கு இடையில் இன்னொரு வேலை உண்டு. பொங்கல் கட்டி. மண்ணில் செய்த மூன்று அடுப்புக்கட்டியை வாங்கிக் காயவைத்துச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் காவியில் பட்டை போட வேண்டும். ஒரு செட்டைப் பிள்ளைகள் கையால் அடித்து, அடுக்குமாடி வீட்டில் கேஸ் அடுப்பில் பொங்கல் வைக்கிற சித்தி வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். மொட்டை மாடிக்குப் போய் விறகு வைத்துப் பொங்குவார்கள்.

மகளுக்குத் தலைப்பொங்கல். பிறந்த வீட்டுச் சீரான பொங்கப்படியோடு கையால் செய்ததையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

தாராளமாக. பாத்திரம், அரிசி, கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் எப்படியும் போகும். மகள் மறுநாள் காலையில் தேடப்போவது இடிசாம்பார் பொடியைத்தான். அவள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த அதே காரத்தில் ஒரு கிலோ திரித்துக் கொடுங்கள். வத்தலும் கொடுக்கலாம், ஆனால் அது கோடையிலேயே போட்டு வைத்ததாக இருக்க வேண்டும். மார்கழி வெயிலை நம்பி வத்தல் போட்டு நான் பூஞ்சைதான் பார்த்தேன்.

பெரிசாக ஏதாவது என்றால் பத்தமடைப் பாய். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தாமிரபரணிப் பக்கத்துக் கோரையைக் கீறி நூல் போல ஆக்கி நெய்கிற பட்டுப்பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயரையே போட்டுத் தருவார்கள். வீட்டில் செய்ய முடியாது, ஆனால் ஒருவர் கையால் நாள்கணக்கில் செய்தது. ரொம்ப முன்னாலேயே சொல்லி வையுங்கள், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது போய் நின்றால் கிடைக்காது.

சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பார்சல் அனுப்ப எது ஒத்துவரும்?

சுக்குப் பொடி, இடிசாம்பார் பொடி, முந்திரிக்கொத்து. அச்சு முறுக்கு போய்ச் சேரும்போது தூளாகத்தான் இருக்கும். முந்திரிக்கொத்தைத் தகர டப்பாவில் அடுக்கி, இடைவெளியில் பொரியை நிரப்புங்கள், குலுங்காது. அதையும் தின்றுகொள்ளலாம். வெளிநாட்டுக்கு என்றால் அந்த நாட்டில் வீட்டுப் பலகாரத்தை உள்ளே விடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது?

சைவ வீடுகளுக்கு முட்டை சேர்ந்த கேக்கும் அச்சு முறுக்கும் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குக் "கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக் கொடுப்பது தப்பு. கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவர்களுக்குக் கருப்பட்டி வைக்காமல் சுக்குப் பொடியை மட்டும் கொடுங்கள்.

துட்டி விழுந்த வீட்டில், அதாவது சாவு நடந்த வீட்டில், அந்த வருசம் பலகாரம் சுட மாட்டார்கள். அந்த வீட்டை விட்டுவிடலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். விடவே கூடாது. முதல் தட்டு அங்கேதான் போக வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆடம்பரமாகக் கட்டி அலங்கரிக்காமல், சும்மா ஒரு தூக்குவாளியில் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வாருங்கள்.

அல்வாவும் வீட்டிலேயே கிண்டிக் கொடுக்கலாமா?

கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பால் எடுத்து, புளிக்கவிட்டு, நெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். நான் இரண்டு தடவை கிண்டிவிட்டேன். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அதற்கு ஏன் தோளைக் கழற்ற வேண்டும்? வாங்கிவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் இருந்து வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டில் ஒன்றுமே இல்லை. என்ன செய்ய?

வெறும் தட்டைக் கொடுக்கக் கூடாது என்பது சரிதான், அதற்காகப் பலகாரம்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் அம்மா ஒரு பிடி சீனி போட்டுக் கொடுப்பாள். முற்றத்து முருங்கைக்கீரை, நாலு எலுமிச்சம்பழம், எதுவும் ஆகும். கிறிஸ்துமஸ் தட்டு என்றால் அவசரமே இல்லை. கழுவித் துடைத்து வைத்திருந்து, தை பிறந்ததும் பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மேல்தோலை உரித்து, பத்துப் பத்தாக நாரில் கட்டி வைத்துக் கொடுத்துவிடுங்கள். அதுவரை தட்டு உங்கள் வீட்டில் கிடந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போதும் யார் வீட்டுத் தட்டு என்றே தெரியாத தட்டுகள் மூன்று இருக்கின்றன.